ஜவ்வாது பூசிய எலி

ஆயுத பூஜை அன்று வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். நான். தறிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி. வாசலில் பூசணிக்காய்க்குக் குங்குமம் கலக்கினாள். என் மகள். கல்யாணம் ஆகி நான்கு மாதம். பக்கத்து வீட்டு அம்மா. பொரி கொடுக்க வந்தவள் போகாமல் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மூன்று எலிகள்.

மாப்பிள்ளை இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலை. அங்கேயும் அன்று பூஜை. முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

எலிகள் அவருடையவை. அவர் ஊர் வாலாஜாபாத். அங்கே அண்ணன் குடும்பத்துக்கே வீடு போதவில்லை. எங்களுக்கு இருப்பது ஒரு பெண். அதனால் எங்களோடு வந்துவிட்டார். வரும்போது ஒரு பெட்டி, ஒரு ஹெல்மெட், ஒரு கூண்டு கொண்டுவந்தார். கூண்டுக்குள் மூன்று எலி. ஒன்று முழு வெள்ளை. பெரியது. ஒன்று தலை மட்டும் கறுப்பு. ஒன்று சாம்பல். மூன்றும் ஆண். ஒரே ஈற்றுக் குட்டிகள்.

அவர் வந்த அன்றைக்கு என் மனைவி சமையலறையில் வைத்து மகளிடம் சொன்னாள். "ஊர்ல எல்லாம் பொண்ணுக்குத்தான் சீர் குடுப்பாங்க. நமக்கு மாப்பிள்ளை சீர் கொண்டாந்துக்கிறாரு. மூணு எலி."

அவள் சொன்னதில் தப்பில்லை. நாங்கள் பட்டு நெய்கிறவர்கள். எலி எங்களுக்கு ஆகாது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைதான் பாவு, அதில் கஞ்சி இருக்கும். அந்த வாசனைக்கு எலி வரும். ஒரு ராத்திரி வந்து போனால் போதும், நூறு இழை போய்விடும். எலிப்பொறி இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. எங்கள் வீட்டில் இரண்டு.

மாப்பிள்ளை கூண்டைத் தறி இருக்கும் கூடத்தில் வைக்கவில்லை. பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரமாக, உயரத்தில் வைத்தார். கதவுக்குக் கம்பி சுற்றினார். நான்கு மாதத்தில் ஒரு இழை போகவில்லை. அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

வேலை முடிந்து வந்தால் கூண்டைத் திறப்பார். மூன்றும் அவர் தோளில் ஏறும். சட்டைக்குள் போகும். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் மகளும் எடுத்துக் கொஞ்சுவாள். நான் தொட்டதில்லை. என் மனைவி அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாள்.

அவள் மாப்பிள்ளையோடு நேராகப் பேசுவதும் இல்லை. எங்களில் அப்படித்தான். மாமியார் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வாள். மாப்பிள்ளை பக்கத்திலேயே நிற்பார். காதில் விழும். பதிலை அவரும் மகளிடம் சொல்வார். இவளுக்கும் காதில் விழும்.

பூஜைக்கு முதல் நாளே பாவு அறுத்துச் சேலையைக் கொடுத்தாயிற்று. அடுத்த பாவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று முதலாளி சொல்லியிருந்தார். தறி காலி. நல்லதாகப் போயிற்று என்று மரம் முழுவதும் துடைத்தோம். நாடா, ராட்டை எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்தோம்.

என் மனைவி மகளைப் பார்த்தாள்.

"தறிய தொடச்சாச்சு. வூட்ட கழுவியாச்சு. உங்க வூட்டுக்காரரு சொத்து மட்டும் நாறிக்கினு இருக்குது."

மகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று எலியையும் ஒரு பக்கெட்டில் போட்டு மூடினாள். கூண்டில் இருந்த பழைய துணியெல்லாம் எடுத்து எறிந்தாள். உள்ளே இருந்த சட்டி, தண்ணீர்ப் புட்டி, தட்டு, கம்பி எல்லாவற்றையும் சுடுதண்ணீர் ஊற்றி பினாயில் போட்டுத் தேய்த்தாள். வெயிலில் காயவைத்தாள். புதுத் துணி விரித்தாள்.

அதோடு விட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. சாம்பல் எலி அவளுக்குச் செல்லம். சாது. அதை எடுத்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினாள். துண்டால் துவட்டினாள். காதுக்குப் பின்னால் ஜவ்வாது தடவினாள். நெற்றியில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தாள்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர்கள் தெலுங்கு பேசுகிற குடும்பம். என் மனைவியை வதினா, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவாள்.

"வதினா, இங்க வந்து பாரு. எல்லாரும் பைக்குக்கு சர்வீஸ் பண்ணி பொட்டு வெப்பாங்க. உன் பொண்ணு புள்ளையாரு வண்டிக்கே சர்வீஸ் பண்ணிட்டா."

என் மனைவியும் சிரித்தாள். எலியைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மகள் வெள்ளையையும் கறுப்புத் தலையையும் கூண்டில் விட்டாள். அவை புதுத் துணியை மோந்துகொண்டே சுற்றின. பிறகு சாம்பலை விட்டாள். கூண்டைத் தூக்கி வந்து தறி முன்னால் வைத்தாள். அதற்கும் ஆரத்தி காட்ட வேண்டுமாம்.

வெள்ளை சாம்பலின் பக்கத்தில் வந்தது. மோந்தது. அப்படியே நின்றது. முதுகு மயிர் எழும்பியது. பார்க்க இரண்டு மடங்கு ஆகிவிட்டது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, நண்டு நடக்கிற மாதிரி நடந்து சாம்பலை ஒரு மூலையில் தள்ளியது. வால் தரையில் அடித்தது.

"ஆட்டம் போடுது பாரு" என்றாள் மகள்.

அடுத்த நிமிஷம் இரண்டும் ஒரே உருண்டையாகப் புரண்டன. எலி கத்தும் என்று தெரியும். அப்படிக் கத்தும் என்று தெரியாது. கறுப்புத் தலை கம்பியில் ஏறித் தொங்கியது. மகள் கூண்டைத் தட்டினாள். நிற்கவில்லை. நான் கதவைத் திறந்து கையை விட்டேன்.

வலது கை ஆள்காட்டி விரல். வெள்ளையின் பல் எலும்பு வரைக்கும் போனது. கையை இழுத்தேன். அதுவும் கூடவே வந்தது. உதறிய பிறகுதான் விட்டது.

பக்கத்து வீட்டு அம்மா பொரி இருந்த முறத்தை எடுத்து இரண்டுக்கும் நடுவில் செருகினாள். பொரி எல்லாம் கூண்டுக்குள் கொட்டியது. நான் தோள் துண்டைப் போட்டு வெள்ளையை அமுக்கிப் பிடித்தேன். போட்டுவைக்க இடமில்லை. எலிப்பொறி இருந்தது. அதில் போட்டு அடைத்தேன்.

சாம்பலுக்குப் பின்தொடைக்கு மேல் தோல் கிழிந்திருந்தது. பொட்டு மட்டும் கலையவில்லை.

என் ரத்தம் தறிக்கு முன்னால் சொட்டிக் கிடந்தது. கழுவி, கோலம் போட்ட இடம். என் மனைவி கற்பூரத் தட்டோடு நின்றாள்.  பூஜையை முடித்தாள். பூசணிக்காய் உடைத்தேன், இடது கையால். எல்லாம் ஆன பிறகு மகளிடம் சொன்னாள்.

"பூசை அன்னிக்கு தறி முன்னாடி ரத்தம் உழுந்துடுச்சு. அந்த வெள்ளை இந்த வூட்ல வேணாம். பாவு வர்றதுக்குள்ள அனுப்பிடச் சொல்லு."

பக்கத்து வீட்டு அம்மாவிடம் வழி இருந்தது. அவள் தம்பி புறா, மீன், கிளி எல்லாம் வாங்கி விற்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கம் வருவான். சொன்னால் எடுத்துக்கொண்டு போவான் என்றாள்.

மாப்பிள்ளை வந்தபோது கையில் கம்பெனியில் கொடுத்த ஸ்வீட் டப்பா இருந்தது. என் விரலைப் பார்த்தார். டப்பாவைக் கீழே வைத்தார். குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்பு போட்டுக் கழுவினார். விரலை அமுக்கி ரத்தத்தை வரவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் விடவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும் மாமா."

"எலிக் கடிதானே."

"போவணும்."

பைக்கில் போனோம். பெரியாஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா சீட்டு எழுதினாள்.

"இன்னா கடி?"

"எலி."

"வீட்டு எலியா, வெளி எலியா?"

எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "மாப்பிள்ளை எலிம்மா" என்றேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டு மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஊசி போட்டார்கள். கட்டு போட்டார்கள். காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொன்னார்கள். வரவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்தோம். அங்கேதான் அவர் என்னிடம் நிறையப் பேசியது.

"அதுமேல கோவப்படாதீங்க மாமா. நம்ம மூஞ்சிய பாத்து ஆளத் தெரிஞ்சிக்கறோம். அதுங்களுக்குக் கண்ணு சரியா தெரியாது. மூக்குதான். கூண்ட பினாயில் போட்டு கழுவினதுல அதோட வூடே காணாம பூடுச்சு. அப்புறம் ஜவ்வாது பூசிக்கினு ஒருத்தன் உள்ள வரான். அதுக்குத் தம்பின்னு தெரியல. எவனோ ஒருத்தன்னு நெனச்சிக்கிச்சு."

"என்ன ஏன் கடிச்சுது?"

"உங்கள கடிக்கல. நடுவுல வந்தத கடிச்சுது. நான் கைய வுட்டாலும் கடிச்சிருக்கும். சண்ட நடக்கறப்ப கைய வுடக் கூடாது. துணி போடணும், இல்ல அட்டைய நடுவுல வுடணும். அந்தம்மா முறத்த வுட்டாங்க பாருங்க, அதான் சரி."

வெள்ளையை அனுப்ப வேண்டும் என்று என் மனைவி சொன்னதை நான் சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மாவின் தம்பி பற்றியும் சொன்னேன். அவர் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு வளக்க மாட்டாரு மாமா. விப்பாரு. பாம்பு வெச்சிக்கிறவங்க வெள்ளை எலியத்தான் தேடி வாங்கறாங்க."

"வெளிய எங்கனா வுட்டா?"

"ஒரு ராத்திரி தாங்காது."

கிளாசைக் கையில் சுற்றினார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ரூம்ல நாலு பேரு இருந்தோம் மாமா. நாலு பேருக்கும் வேற வேற ஷிப்டு. நான் வரப்ப அவன் தூங்குவான். அவன் வரப்ப நான் இருக்க மாட்டேன். பேச ஆள் கெடயாது. இதுங்கதான். அந்த வெள்ளை என் தலகாணியில தூங்கும்."

அத்தையிடம் சொல்லுங்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளை இருந்த எலிப்பொறியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. வெள்ளை அந்தப் பொறிக்குள் மயிர் சிலிர்த்தபடியே, மூச்சை உஸ் உஸ் என்று விட்டுக்கொண்டு நின்றது.

"இதுல எத்தினி எலி புடிச்சிருப்பீங்க மாமா?"

"யாரு எண்ணினாங்க."

"அத்தினி எலி வாசனையும் அதுக்குத் தெரியும். எதிரி வூட்ல கொண்டாந்து போட்ட மாரி."

கழுவித்தானே வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அவர் தக்காளி வருகிற பிளாஸ்டிக் கூடை இரண்டு வாங்கி வந்து, வாயோடு வாய் வைத்துக் கம்பி வலை கட்டிக் கூண்டு செய்தார். வெள்ளையை அதில் மாற்றினார். தன்னுடைய பழைய லுங்கியைக் கிழித்து ஒரு துண்டை அதில் போட்டார். ஒரு துண்டை மற்ற இரண்டும் இருக்கிற கூண்டில் போட்டார்.

மறுநாள் மகள் சாம்பலை மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். டாக்டர் புண்ணுக்குப் பவுடர் கொடுத்தார். வெள்ளைக்கு இது வயசு, அதற்கு விதை எடுத்துவிட்டால் அடங்கும், ஆனால் இவ்வளவு சின்னதுக்கு நான் செய்ததில்லை, மெட்ராஸ்தான் போக வேண்டும் என்றாராம். மகள் வந்து சொன்னாள். என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"வயசுக்கு வந்தா அண்ணன் தம்பி அடிச்சிக்கறது நம்ம தெருவுல இல்லாததா? ஆனா யாரும் பல்லு போட்டு கடிக்கல."

ஜவ்வாது வாசனை இரண்டு நாளில் போய்விட்டது. எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைதான் மோந்து பார்த்துச் சொன்னார். ஆனால் கூண்டுகளைப் பக்கத்தில் வைத்தால் வெள்ளை இன்னமும் மயிர் சிலிர்த்தது. சாம்பல் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை பயந்துவிட்டால் அது மறக்க நாள் ஆகும் என்றார். தினமும் காலையில் லுங்கித் துண்டுகளை மாற்றிப் போட்டார். இதன் துணி அதற்கு, அதன் துணி இதற்கு. சேர்க்க வேண்டுமானால் மூன்றும் இதுவரை கால் வைக்காத இடம் வேண்டும் என்றார். இது என் வீடு என்று எதுவும் நினைக்காத இடம். சுவர் ஏற முடியாமல் இருக்க வேண்டும். ஒளிய மூலை இருக்கக் கூடாது.

"பெரிய வூட்ல பாத்ரூம் தொட்டி இருக்கும். அதுல வுடுவாங்க."

எங்கள் வீட்டில் பாத்ரூமில் நிற்கவே இடம் இல்லை. ஒரு சாக்கடை ஓட்டை வேறு.

நான் தறியைப் பார்த்தேன். தறிக்கு முன்னால் உட்கார்ந்து காலைத் தொங்கவிட ஒரு குழி இருக்கும். முழங்கால் ஆழம். எங்களுடையது சிமெண்ட் பூசியது. வழவழ என்று இருக்கும். எலி ஏற முடியாது.

"குழியில வுடலாம்" என்றேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சமையலறையிலிருந்து என் மனைவி வந்துவிட்டாள்.

"தறிக்குழியிலயா? செருப்பு போட்டுக்கினு கிட்ட வந்தா அடிக்க வருவ நீ. எலிய வுடுவியா?"

"பாவு இல்ல. குழி சும்மா கெடக்குது."

"பூசை போட்ட எடம்யா."

"பூசை போட்ட எலிதான."

பக்கத்து வீட்டு அம்மா மதில் மேலிருந்து சிரித்தாள். என் மனைவி அவளைப் பார்த்த பார்வையில் தலை இறங்கிவிட்டது.

"சாணி தெளிச்சி நான் கழுவ மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மிதிபலகையைக் கழற்றி வெளியே வைத்தேன். குழியை வெறும் தண்ணீரால் துடைத்தேன். பழைய பாவின் நுனிகள் கோத்திருந்த விழுது, அச்சு எல்லாவற்றையும் பழைய சேலையால் மூடிக் கட்டினேன். கையில் கட்டு இருந்ததால் வேலை மெதுவாகத்தான் ஆனது.

மாப்பிள்ளைக்கு அந்த வாரம் காலை ஷிப்டு. சாயந்திரம் வந்துவிடுவார். டீ குடித்துவிட்டு இரண்டு பேரும் தறியில் உட்காருவோம். எப்போதும் நான் உட்காரும் பலகையில் பக்கத்துக்கு ஒருவராக. கால் நான்கும் குழிக்குள். அவர் ஒரு கனமான அட்டை வைத்திருப்பார். நான் ஒரு துண்டு. முதலில் கறுப்புத் தலையும் சாம்பலும். பிறகு வெள்ளை.

முதல் நாள் வெள்ளை உடனே பக்கவாட்டில் திரும்பியது. அவர் அட்டையை இறக்கிவிட்டார். எடுத்து வெளியே வைத்தார். அவ்வளவுதான் அன்றைக்கு.

"பக்கவாட்டுல திரும்பினா, மயிர் எழும்பினா, வால அடிச்சா, அதோட நிறுத்திடணும் மாமா. அதுக்கு மேல வுட்டா கடி."

அடுத்த நாள் கொஞ்ச நேரம் தாங்கியது. தயிர்ச் சோறு ஒரே தட்டில் வைத்தோம். மூன்றும் மூன்று பக்கம் நின்று தின்றன. வெள்ளை தின்று முடித்து என் காலுக்கு வந்தது. மீசை காலில் பட்டது. என்னைக் கடித்த வாய்தான் அது. காலை இழுக்கலாமா என்று நினைத்தேன்.

"அசையாதீங்க."

நெய்கிறவனுக்குக் கால் சும்மா இருக்காது. அன்று இருந்தது. வெள்ளை பெருவிரலை நக்கியது. பிறகு பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்து முகம் துடைத்தது. இளஞ்சூடாக இருந்தது. கனமே இல்லை.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள். நாங்கள் திரும்பினால் போய்விடுவாள். இரண்டு நாள் கழித்து அவள் போவதை நிறுத்தினாள். கீரை ஆய்ந்துகொண்டே நின்றாள்.

அன்றைக்குத்தான் வெள்ளை சாம்பலைக் குப்புறத் தள்ளி, மல்லாத்தி, மேலே ஏறி நின்றது. சாம்பல் கீச்சென்று கத்தியது. மாப்பிள்ளை அட்டையை எடுக்கவில்லை. குனிந்து கையைக் குழிக்குள் நீட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

என் மனைவி கீரையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"தம்பி! கைய எடுப்பா! விரலு பூடும்!"

 அவளுக்கே தெரிந்துவிட்டது, நேராகப் பேசிவிட்டோம் என்று. முந்தானையை இழுத்துச் செருகினாள். போகவில்லை.

மாப்பிள்ளை தலையைத் தூக்காமலே பேசினார்.

"ஒண்ணும் ஆவாது அத்தை. மயிர் எழும்பல பாருங்க. ரத்தம் இல்ல. கடிக்கல, அமுக்கி வெச்சிக்கினு இருக்குது. யாரு பெரியவன்னு முடிவு பண்ணிக்கினா சண்ட முடிஞ்சிடும். இதுல பூந்து பிரிச்சா நாளைக்கு மறுபடியும் மொதல்லேருந்து."

"அது முடிவாவ எத்தினி நாளு ஆவும்?"

"தெரியல அத்தை."

"இந்த வூட்ல இருவத்தஞ்சு வருசமா முடிவாவல" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

வெள்ளை இறங்கியது. சாம்பல் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு தட்டுக்குப் போனது. வெள்ளையும் போனது. அவள் நின்று பார்த்தாள்.

ஆனாலும் அவள் சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கவில்லை. மகள் கேட்டுப் பார்த்தாள். "பாவு வரட்டும் பாக்கலாம்" என்றாள். குழியில் சேர்ந்து இருப்பது வேறு, கூண்டில் சேர்ந்து தூங்குவது வேறு என்று மாப்பிள்ளையே சொல்லியிருந்தார். இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் நல்லது என்றார்.

கிடைக்கவில்லை. சனிக்கிழமையே முதலாளி ஆள் பாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். தீபாவளி நெருக்கடி. சிவப்பு உடல், பச்சைக் கரை. திங்கள் காலையில் பாவு பிணைக்க ஆள் வரும் என்றான். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பவர்கள். அவர்கள் வந்துவிட்டால் குழி எங்களுக்கு இல்லை. பாவைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். ஞாயிறு மதியம் வருவதாகச் சொன்னானாம்.

அன்று ராத்திரி மாப்பிள்ளை சாப்பிடவில்லை என்று மகள் சொன்னாள். வயிறு சரியில்லை என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. காலையிலேயே பெரிய கூண்டைத் துடைத்தார். பினாயில் இல்லை. வெறும் தண்ணீர். ஒரு மூலையை மட்டும் துடைக்காமல் விட்டார். சட்டிகளை இடம் மாற்றி வைத்தார். பழைய இடம் மாதிரி இருக்கக் கூடாது, ஆனால் எல்லா வாசனையும் போகவும் கூடாது என்றார். லுங்கித் துண்டு மூன்றையும் ஒன்றாகப் போட்டு விரித்தார். மூலையில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்தார். அதற்கு ஓரத்தில் உடைந்த வாய் இருந்தது. எலி அதன் வழியாக உள்ளே போகும்.

குழியில் கடைசியாக ஒரு தடவை விட்டோம். வெள்ளைக்கு மயிர் லேசாக எழும்பி அடங்கியது. சாம்பல் தள்ளித் தள்ளிப் போனது. மாப்பிள்ளை அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு வைக்கிற எண்ணெய். கிண்ணத்தை என்னிடம் நீட்டவில்லை. மகளைக் கூப்பிடவும் இல்லை.

"ஒண்ணுக்கு ஜவ்வாது பூசினதாலதான வெனை? மூணுத்துக்கும் இத வெய்யி."

மாப்பிள்ளை யோசித்தார். "தின்னாலும் ஒண்ணும் பண்ணாது" என்றார். "வெக்கலாம் அத்தை."

"நான் தொட மாட்டேன். நீயே வெய்யி."

அவர் விரலில் தொட்டு ஒவ்வொன்றின் முதுகிலும் கழுத்திலும் தடவினார். மூன்றும் பளபளத்தன. கறுப்புத் தலைதான் முதலில் ஆரம்பித்தது. சாம்பலின் கழுத்தை நக்கியது. வெள்ளை வந்தது. மோந்தது. நான் துண்டை விரித்துப் பிடித்தேன். வெள்ளை சாம்பலின் காதுக்குப் பின்னால் நக்க ஆரம்பித்தது. ஜவ்வாது பூசிய அதே இடம். சாம்பல் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

 எண்ணெய் தீரும் வரைக்கும் நக்கின.

அங்கிருந்தே எடுத்து மூன்றையும் பெரிய கூண்டில் விட்டார். கூண்டைத் தொட்டி ஓரமாக வைத்துவிட்டு நாங்கள் நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். வெள்ளை கூண்டு முழுவதும் ஒரு சுற்று வந்தது. தண்ணீர் குடித்தது. சட்டிக்குள் போனது. சாம்பல் வெளியே மேலே கம்பியில் உட்கார்ந்திருந்தது. கறுப்புத் தலை சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

என் மனைவி சாதம் வடிக்க எழுந்து போனாள். வடித்துவிட்டு வந்தாள். சாம்பல் அங்கேயேதான் இருந்தது. மகள் மாப்பிள்ளையின் முதுகில் கை வைத்தாள். அவர் கூண்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. நானும் போகவில்லை.

நடுவில் ஒரு தடவை கீச்சென்று சத்தம் வந்தது. மாப்பிள்ளை முழங்காலிட்டார். அதோடு நின்றுவிட்டது. கறுப்புத் தலை சட்டிக்குள் போய்ப் படுத்தது. சாம்பல் கம்பியிலிருந்து இறங்கியது. தட்டில் இருந்த ஒரு பொட்டுக்கடலையை எடுத்துத் தின்றது. பிறகு சட்டியின் வாயில் மூக்கை வைத்தது.

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு அம்மாவின் குரல். கையில் போன்.

"வதினா! தம்பி பஸ் ஸ்டாண்டுல நிக்கறான். ஒரு பொட்டி எடுத்துக்கினு வரட்டுமா, பெருசா எடுத்துக்கினு வரட்டுமான்னு கேக்கறான். எத்தினி அனுப்பறீங்க, எத்தினி உங்க வூட்ல நிக்குது?"

மாப்பிள்ளை திரும்பி என் மனைவியைப் பார்த்தார். அவள் கூண்டுக்குக் கிட்டே வந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து, சட்டியின் உடைந்த வாய் வழியாக உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வதினா! லைன்ல இருக்கான். எத்தினி நிக்குது?"

"மூணு."